மூளைக்குப் பாடம் சொல்லும் கணிப்பொறி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சிவகிரிக்கு அருகே உள்ள ஊர் ராயகிரி. தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வூரில் எழுபது வயதுத் தாத்தா ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாழ்நாள் முழுவதும் தோட்ட வேலை செய்தவர். அவர் பறித்துக் கூடையில் போட்ட எலுமிச்சம்பழங்கள் மூட்டை மூட்டையாகப் புளியங்குடிச் சந்தைக்குப் போயிருக்கின்றன.

ஒரு நாள் மாலை, திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்குத் திடீரென்று வாய் ஒரு பக்கமாகக் கோணியது, பேச்சுக் குழறியது, வலக்கையும் வலக்காலும் தொய்ந்துபோயின. ‘பக்கம் இழுத்துக்கொண்டது’ என்று வீட்டார் பதறினர். எண்ணெய் தேய்த்துவிட்டு, பொழுது விடியட்டும் என்று காத்திருந்தனர். மறுநாள்தான் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். உயிர் தப்பியது. ஓராண்டு கழிந்தது. கால் ஓரளவு தேறிவிட்டது, கோலூன்றி நடக்கிறார். ஆனால் வலக்கை மட்டும் மடியிலேயே கிடக்கிறது. பேத்தி ஓர் எலுமிச்சம்பழத்தை அவர் உள்ளங்கையில் வைத்து, “பிடிங்க தாத்தா” என்கிறாள். தாத்தா முயல்கிறார். நெற்றியில் வியர்வை அரும்புகிறது. விரல் அசையவில்லை.

இந்தத் தாத்தா நம் கற்பனையே. ஆனால் இவரைப் போன்றவர்கள் நம் ஊர்கள் பலவற்றிலும் இருக்கிறார்கள். இவர்களுடைய கையில் எலும்பு முறியவில்லை. தசை அறுபடவில்லை. பழத்தைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. அப்படியானால் தடை எங்கே இருக்கிறது?

தடை எங்கே?

கையை அசைக்கும் கட்டளை பெருமூளையின் மேற்பரப்பில் உள்ள இயக்கப் பகுதியில் பிறக்கிறது. அங்கிருந்து நீண்ட நரம்பிழைகள் வழியே கீழிறங்கி, முகுளத்தில் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக்கு மாறி, தண்டுவடத்தை அடைந்து, பின் கைத் தசைகளுக்குச் செல்கிறது. இதனால்தான் இடப் பக்க மூளை வலக்கையையும், வலப் பக்க மூளை இடக்கையையும் ஆள்கின்றன.

மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோகிராம்தான், உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. எனவே ஓயாமல் இரத்தம் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை ஓர் இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டாலும், குழாய் வெடித்து இரத்தம் கசிந்தாலும் அப்பகுதி நரம்பணுக்கள் பட்டினி கிடந்து மடிகின்றன. இதுவே பக்கவாதம். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நம் தாத்தாவுக்கு இடப் பக்க மூளையில் இந்தச் சேதம் நேர்ந்தது. கட்டளை பிறக்கும் இடமும் அது செல்லும் பாதையும் பழுதாகிவிட்டன. கை நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குக் கடிதம் வந்து சேரவில்லை.

மூளை மாறக்கூடியது

மடிந்த நரம்பணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. பின் பக்கவாத நோயாளிகள் பலர் எப்படித் தேறுகிறார்கள்?

வயலுக்குப் போகும் வழியில் ஓடைப் பாலம் ஒன்று இடிந்துவிட்டதாகக் கொள்வோம். முதல் நாள் யாரும் போக முடியாது. பிறகு யாரோ ஒருவர் முள்ளை விலக்கிக்கொண்டு சுற்றிப் போகிறார். மறுநாள் நால்வர் போகிறார்கள். சில மாதங்களில் அங்கே ஓர் ஒற்றையடிப் பாதை தோன்றிவிடுகிறது. நடந்தால்தான் பாதை உண்டாகும். மூளையிலும் இவ்வாறே நிகழ்கிறது. சேதத்தைச் சுற்றியுள்ள நரம்பணுக்கள் புதிய இணைப்புகளை ஏற்படுத்திக்கொண்டு, மடிந்தவை செய்த வேலையில் ஒரு பகுதியை மேற்கொள்கின்றன. அசைத்து அசைத்துப் பழகுவதுதான் இங்கே நடந்து பாதை போடுவது. பிசியோதெரபிப் பயிற்சியின் அடிப்படை இதுவே.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சிறிதளவாவது விரலை அசைக்க முடிந்தவர்தான் அசைத்துப் பழக முடியும். துளியும் அசையாத கையை உடையவர் என்ன செய்வார்? பயிற்சியாளர் அவருடைய விரல்களைப் பிடித்து மடக்கி நீட்டுகிறார். இதனால் மூட்டுகள் இறுகாமல் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் நோயாளியின் மூளை ‘மடக்கு’ என்று கட்டளையிட்டதா, அல்லது வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்ததா என்பது பயிற்சியாளருக்குத் தெரியாது.

இது ஏன் முக்கியம்? புதிய வீடு ஒன்றில் வரிசையாகப் பத்துச் சுவிட்சுகள் இருக்கின்றன. ஒன்றை அழுத்துகிறீர்கள், உடனே கூடத்து விளக்கு எரிகிறது. ‘இதுதான் கூடத்துச் சுவிட்சு’ என்று ஒரே முறையில் கற்றுக்கொள்கிறீர்கள். அந்த விளக்கு நீங்கள் அழுத்தாதபோதும் தானாக எரிந்து எரிந்து அணைந்தால்? எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் விளங்காது. செயலும் விளைவும் அடுத்தடுத்து வந்தால்தான் மூளை அவற்றை இணைக்கும். ஒரே சமயத்தில் மீண்டும் மீண்டும் தூண்டப்படும் நரம்பணுக்களின் இணைப்பு வலுப்பெறும் என்ற கருத்தை, கனடா நாட்டு உளவியல் அறிஞர் டொனால்டு ஹெப் 1949இல் வெளியிட்டார்.

ஆகவே நமக்கு வேண்டியது, தாத்தா ‘பிடி’ என்று நினைக்கும் அதே கணத்தில் அவர் கையை மடக்கிவிடும் ஓர் உதவியாளர். நினைப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கேதான் கணிப்பொறி வருகிறது.

சுவருக்கு வெளியே நின்று கேட்பது

மூளையின் மின்னலைகளை மனிதத் தலையிலிருந்து முதன்முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர். ஆண்டு 1924. ஈ.ஈ.ஜி. எனப்படும் மூளை மின்னலைப் பதிவு அன்று பிறந்தது. அந்த அலைகளைக் கொண்டு கணிப்பொறியை இயக்கலாமே என்று 1973இல் எழுதியவர், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் விடால். ‘மூளை–கணிப்பொறி இணைப்பு’ என்னும் பெயர் அவரால்தான் வழக்குக்கு வந்தது.

இந்த மின்னலைகள் மிக மிக மெல்லியவை. தலைத்தோலில் அளந்தால் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரை இருக்கும். கடிகாரத்தில் போடும் பேட்டரியின் மின்னழுத்தம் 1.5 வோல்ட். 50 மைக்ரோவோல்ட் என்பது அதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு! அதிலும் மண்டை ஓட்டையும் தோலையும் கடந்து வரும்போது பல இடத்து அலைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

இந்தக் கலவையில் ‘பிடி’ என்ற எண்ணத்தை எப்படி அறிவது? ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள். சுவருக்கு வெளியே நிற்பவருக்கும் அது தெளிவாகக் கேட்கும். ஆசிரியர் கணக்கு ஒன்றைக் கொடுத்தவுடன் ஒவ்வொருவரும் தத்தம் வேலையில் இறங்குகிறார்கள். ஒரே குரல் மறைந்து, சிறு சலசலப்பு மட்டும் எஞ்சுகிறது. வெளியே நிற்பவர், என்ன கணக்கு என்று அறிய மாட்டார். ஆனால் ‘வேலை தொடங்கிவிட்டது’ என்று சொல்லிவிடுவார்.

கையை ஆளும் மூளைப் பகுதியும் இப்படித்தான். கை ஓய்ந்திருக்கும்போது அங்குள்ள நரம்பணுக்கள் ஒரே தாளத்தில், நொடிக்கு 8 முதல் 13 முறை துடிக்கின்றன. இதனை மியூ அலை என்பர். கையை அசைக்கத் தொடங்கியதும் அந்தத் தாளம் கலைந்து, அலை தணிகிறது. இதில் வியப்பு என்னவென்றால், கையை அசைக்காமல், அசைப்பதாக நினைத்தாலே போதும், அலை தணிந்துவிடும்! பக்கவாதத்தால் கை செயலிழந்தவர் பலரிடமும் இந்த மாற்றத்தைக் காண முடிகிறது. ஆகவே கணிப்பொறி இங்கே மனத்தைப் படிப்பதில்லை. தாத்தா என்ன நினைக்கிறார் என்று அதற்குத் தெரியாது. கைப் பகுதியில் வேலை தொடங்கிற்றா இல்லையா என்பதை மட்டுமே அது கேட்டறிகிறது.

பயிற்சி எப்படி நடக்கிறது?

நோயாளியின் தலையில், மின்வாய்கள் பதித்த ஒரு தொப்பியை அணிவிக்கிறார்கள். மின்சாரம் நன்கு கடக்க ஒவ்வொரு மின்வாயின் அடியிலும் பசை தடவுகிறார்கள். செயலிழந்த கையில், சிறு மோட்டார் பொருத்திய புறக்கூடு ஒன்றை மாட்டுகிறார்கள்.

முதலில் கணிப்பொறிக்குத்தான் பாடம். ‘கையை மடக்குவதாக நினையுங்கள்’, ‘சும்மா இருங்கள்’ என்று திரையில் மாறி மாறி அறிவிப்பு வருகிறது. பலமுறை இவ்வாறு செய்ததும், அந்த ஒரு மனிதருடைய மூளையில் இவ்விரு நிலைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணிப்பொறி கற்றுக்கொள்கிறது. ஒவ்வொருவருக்கும் அலைகள் வேறு வேறு. ஒரே மனிதருக்கே நாளுக்கு நாள் சற்று மாறும். எனவே இந்தப் பாடத்தை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

அடுத்து நோயாளிக்குப் பாடம். அவர் கையை மடக்க முயல்கிறார். மியூ அலை தணிகிறது. கணிப்பொறி அதனைக் கண்டுபிடித்து உடனே மோட்டாரை இயக்குகிறது. விரல்கள் மடங்குகின்றன. மடங்குவதைக் கண் காண்கிறது. மூட்டும் தோலும் உணர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. கட்டளை கீழே போகவும், ‘நிறைவேறியது’ என்ற பதில் மேலே வரவும், அறுந்த வட்டம் ஒன்றுசேர்கிறது. முயலாமல் சும்மா இருந்தால் மோட்டார் அசையாது.

உண்மையில் பயன் உண்டா?

நல்ல கேள்வி. மோட்டார் கையை அசைத்ததால் வந்த பயனா, எண்ணமும் அசைவும் இணைந்ததால் வந்த பயனா என்று எப்படிப் பிரித்தறிவது?

ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட சோதனை இதற்கு ஒரு வழி காட்டியது. நாட்பட்ட பக்கவாத நோயாளிகள் 32 பேரை இரு குழுக்களாகப் பிரித்தனர். இரு குழுக்களுக்கும் தலையில் தொப்பி, கையில் கருவி, பிசியோதெரபி எல்லாம் ஒன்றே. ஒரு குழுவுக்கு மட்டும் மூளை அலை மாறியபோது கருவி அசைந்தது. மற்றதற்கு, மூளை அலையோடு தொடர்பில்லாமல் கருவி அசைந்தது. எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது நோயாளிகளுக்குச் சொல்லப்படவில்லை. முடிவில் முதல் குழுவே தெளிவான முன்னேற்றம் கண்டது. சுவிட்சுக்கும் விளக்குக்கும் உள்ள தொடர்பு இங்கே மெய்ப்பிக்கப்பட்டது எனலாம்.

2018இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் மோட்டாருக்குப் பதிலாக, தசையை மெல்லிய மின்தூண்டலால் இயக்கிப் பார்த்தனர். பங்கு கொண்டவர்கள் 27 பேர். கையின் இயக்கத்தை 66 மதிப்பெண்ணுக்கு அளக்கும் தேர்வு ஒன்று உண்டு. மூளை அலையோடு இணைந்த தூண்டலைப் பெற்றவர்கள் சராசரியாக 6.6 மதிப்பெண் உயர்ந்தனர். இணையாத தூண்டலைப் பெற்றவர்கள் 2.1 மட்டுமே. பயிற்சி முடிந்து ஆறு மாதங்களுக்குப் பின்னும் முன்னேற்றம் நீடித்தது.

66இல் 6.6 என்பது பெரியதா, சிறியதா? இழந்த கை முழுவதும் திரும்பிவிட்டது என்று இதனால் சொல்ல முடியாது. ஆனால் இனி ஒன்றும் ஆகாது என்று கைவிடப்பட்ட ஒருவருக்கு, விரல்களை விரிக்க முடிந்தாலே அது பெரிய காரியம். இந்த இரண்டு உண்மைகளையும் நாம் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

நம் நாட்டில்

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஆஷிஷ் தத்தா, வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரிஜேஷ் பிரசாத் ஆகியோரின் குழுக்கள் பல ஆண்டுகளாக இத்துறையில் உழைத்து வருகின்றன. இவர்கள் அமைத்த கைப் புறக்கூடு, கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேர்ந்து ஒரு பொருளைப் பற்றும் அசைவைப் பழக்குகிறது. நம் தாத்தா எலுமிச்சம்பழத்தைப் பிடிக்க வேண்டிய அதே அசைவு! பக்கவாதம் வந்து ஓராண்டு, ஈராண்டு கழிந்து, முன்னேற்றம் நின்றுபோயிருந்த எட்டுப் பேர், இந்தியாவில் நால்வர், பிரிட்டனில் நால்வர், இக்கருவியால் நலம் பெற்றதாக 2025 ஜனவரியில் கான்பூர்க் கழகம் அறிவித்தது. மகிழ்ச்சி தரும் செய்தி. எனினும் எட்டுப் பேரிடம் கண்டதை எல்லோருக்கும் பொதுவாக்க, ஒப்பீட்டுக் குழுவுடன் கூடிய பெரிய சோதனைகள் வேண்டும். அறிவியலின் நெறி அது.

தமிழ்நாட்டிலும் இதற்கு அண்மையான முயற்சி ஒன்று நடந்திருக்கிறது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து ‘புளூட்டோ’ என்ற கைப்பயிற்சி ரோபோவை உருவாக்கின. இதில் ஒரே ஒரு மோட்டார்தான். மணிக்கட்டுக்கு ஒன்று, விரல்களுக்கு ஒன்று என்று வெவ்வேறு பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தலாம். நோயாளி திரையில் விளையாடிக்கொண்டே பழகலாம். இது மூளை அலையைக் கேட்பதில்லை. ஆனால் கருவி எளியதாக இருந்தால்தான் அது பெரிய மருத்துவமனையைத் தாண்டி வெளியே வரும்.

வேலூருக்கு இதில் நீண்ட மரபும் உண்டு. அங்கே பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு விபத்தில் இரு கால்களும் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். உடல் செயலிழந்தோருக்கான மறுவாழ்வு நிலையம் 1966இல் அங்கு தோன்றியதற்கு அவரே காரணம்.

எங்கெங்கே போகிறது ஆராய்ச்சி?

இன்று ஆராய்ச்சி மூன்று வழிகளில் செல்கிறது.

முதல் வழி, சேதமடையாத பக்க மூளையின் உதவியை நாடுவது. ஒரு கையின் அசைவுக்கு எதிர்ப்பக்க மூளையே முதன்மை என்றாலும், அதே பக்க மூளையும் சிறிது பங்கு கொள்கிறது. அந்த அலைகளைக் கேட்டு இயங்கும் கைக்கருவி ஒன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் அனுமதி அளித்தது.

இரண்டாம் வழி, மண்டை ஓட்டைத் திறந்து மின்வாய்களை மூளையிலேயே பதிப்பது. இது சுவருக்கு வெளியே நிற்காமல் வகுப்பறைக்குள்ளேயே நுழைந்துவிடுவது போன்றது. பக்கவாதத்தால் கைகால்கள் செயலிழந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவர், இப்படிப் பதித்த மின்வாய்கள் வாயிலாக ஒரு ரோபோக் கையை இயக்கித் தாமே காப்பி குடித்தார். இச்செய்தி 2012இல் வெளியாயிற்று. பேச்சை இழந்த மற்றொரு பெண்மணியின் மூளையின் மேற்பரப்பில் 253 மின்வாய்களைப் பதித்து, நிமிடத்துக்கு 78 சொற்கள் வீதம் எழுத்தாக மாற்றிக் காட்டியது 2023இல் வெளியான ஆய்வு. ஆனால் மூளையில் அறுவை செய்வதில் ஆபத்து உண்டு, செலவும் மிகுதி.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ரோபோக் கை ஓர் ஊன்றுகோல். அதை எடுத்துவிட்டால் அந்தப் பெண்மணியால் கோப்பையைத் தூக்க முடியாது. கான்பூர்க் கருவி ஓர் ஆசிரியர். மாணவன் கற்றுக்கொண்டதும் ஆசிரியர் விலகிவிட வேண்டும். இரண்டும் தேவைதான், ஆனால் நோக்கம் வேறு.

மூன்றாம் வழி, கருவியை எளிமையாக்குவது. பசை வேண்டாத உலர்ந்த மின்வாய்கள், குறைந்த எண்ணிக்கையில் மின்வாய்கள், வீட்டாரே மாட்டிவிடக்கூடிய தொப்பி ஆகியவற்றுக்கு ஆய்வாளர்கள் முயல்கின்றனர். நம்மைப் போன்ற நாட்டுக்கு இதுவே மிக முக்கியமான வழி. வீடு தேடிச் சென்று பிசியோதெரபி அளிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அதுவும் ஓர் அங்கம். அந்தப் பயிற்சியாளரின் பையில் ஒரு தொப்பியும் ஒரு கைக்கூடும் சேரும் நாள் வந்தால்தான் இந்த ஆராய்ச்சி ராயகிரிக்கு வந்ததாகப் பொருள். அந்த நாள் இன்னும் வரவில்லை. அதைக் கொண்டுவரும் பொறியாளர் ஒருவேளை இப்போது உங்கள் வகுப்பில் இருக்கலாம்.

அதுவரை நாம் செய்யக்கூடியது

எந்தக் கருவியும் மடிந்த நரம்பணுவைப் பிழைக்க வைப்பதில்லை. மடியாமல் காப்பதே மேல். இரத்தக்கட்டி அடைத்ததால் வந்த பக்கவாதமானால், அதைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்த பின்பே மருத்துவர் அதை முடிவு செய்வார். ஆகவே முகம் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். எப்போது தொடங்கியது என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நம் கதையில் வந்த தாத்தாவின் வீட்டார் பொழுது விடியட்டும் என்று காத்திருந்தனர். மூளைக்குப் பொழுது விடியும்வரை பொறுமை கிடையாது.

செய்து பாருங்கள்

ஒரு சமதளக் கண்ணாடியை மேசைமேல் செங்குத்தாக நிறுத்துங்கள். இடக்கையைக் கண்ணாடியின் முன்னும், வலக்கையை அதன் பின்னால் மறைவாகவும் வையுங்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பம் உங்கள் வலக்கை இருக்கும் இடத்திலேயே தோன்றும்படி சரிசெய்யுங்கள். இப்போது இடக்கையை மட்டும் மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டே பிம்பத்தைப் பாருங்கள். சிறிது நேரத்தில், அசையாத வலக்கையே அசைவது போன்ற விந்தையான உணர்வு பலருக்கு ஏற்படும்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் ஆய்வு செய்த வி. எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் வலியைத் தணிக்க 1990களில் இந்த முறையைப் பயன்படுத்தினார். 1999இல் அவரும் உடனாய்வாளர்களும் பக்கவாத நோயாளிகள் ஒன்பது பேரிடம் இதைச் சோதித்து ஊக்கமூட்டும் பலனைக் கண்டனர். இன்று பல நாடுகளில் இது ஒரு பயிற்சி முறையாக வழங்குகிறது. எண்ணமும் அசைவும் ஒரே கணத்தில் சந்தித்தால் மூளை கற்றுக்கொள்ளும் என்பதை, மின்வாய் எதுவும் இல்லாமல், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் ஓரளவு உணர்த்திவிடுகிறது.